தாய்வீடு சென்றார்

வண்டி ஓடுகிறது. குட்டியானை வண்டி. அகல் விளக்குப் பெட்டிகளைச் சுமந்து போகிற சரக்கு வண்டி. பின்தட்டில் வைக்கோல். வைக்கோல்மேல் ரேவதி. எட்டரை மாதக் கர்ப்பம். ஒரு வலிப்பு வந்து அடங்கியிருக்கிறது. அடுத்தது எப்போது என்று தெரியாது.

நான் மண்டியிட்டு அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். வாயோரம் நுரை. துடைக்கிறேன். திரும்ப வருகிறது. துடைக்கிறேன். வைக்கோலுக்குள் உடைந்த விளக்குச் சில்லுகள் கிடக்கின்றன. முழங்காலில் குத்துகின்றன. அவள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். சிவப்பு, பச்சை. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவை கலகலக்கின்றன. அந்தச் சத்தத்தை ஐந்து நாளுக்கு முன்னால் கேட்டேன். அதற்கு வருகிறேன்.

மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. ஆம்புலன்ஸுக்கு மூன்று தடவை போன் செய்தாகிவிட்டது. எல்லா வண்டியும் மூச்சுத் திணறலுக்குப் போயிருக்கிறது. ஓட்டுவது அவள் கணவன் முருகன். சூளையில் வேலை செய்கிறவன். முதலாளியைக் கேட்காமல் சாவியை எடுத்து வந்திருக்கிறான்.

விருத்தாசலம் பாலக்கரையில் தடுப்புக் கட்டை.

"நிறுத்து! வண்டிய நிறுத்து!"

"வலிப்பு! வழி வுடுங்க!"

முகக்கவசத்துக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கழற்றிவிட்டுக் கத்தினேன். போலீஸ்காரர் கட்டையை இழுத்துவிட்டு ஐந்தடி தள்ளிப் போய் நின்றார். வலிப்பைப் பார்த்து இல்லை. என் வெறும் முகத்தைப் பார்த்து.

அடுத்த திருப்பத்தில் இரண்டாவது வலிப்பு. அவள் கை வண்டித் தகரத்தில் அடிக்கிறது. வளையல் உடைகிறது. எண்ணுகிறேன். வலிப்பு எத்தனை நொடி என்று எண்ண வேண்டும், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஐம்பது வரை எண்ணினேன். உடைந்த வளையலையும் எண்ணிவிட்டேன். ஏழு. என் புத்தி அப்படி.

என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் வீடு வீடாகப் போகிற நர்சு. ஆஸ்பத்திரியில் உட்காருகிறவள் இல்லை. எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். கர்ப்பிணியைப் பதிவு செய்வேன். ரத்த அழுத்தம் பார்ப்பேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, விழுங்குகிற வரை நிற்பேன். பிரசவத்துக்கு அனுப்புவேன். பெற்று வந்த பிறகு தாயையும் பிள்ளையையும் போய்ப் பார்ப்பேன். அடுத்தது இப்போது வேண்டாம் என்பவளுக்குக் கருத்தடை மாத்திரை. இனி வேண்டவே வேண்டாம் என்பவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கிற பக்கம் என் ஏரியா. பதினோரு வருடம். என் கணவர் இறந்ததும் அந்த ஏரியாவில்தான். என் மகள் நடக்கக் கற்றதும் அங்கேதான்.

டிவியில் போர் என்றார்கள். எங்களை முன்கள வீரர்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீரருக்குத் துப்பாக்கி கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தது வாரத்துக்கு இரண்டு முகக்கவசம். ஆனால் இப்போது நினைத்தால் அது போர்தான். ஓடினோம். ஒளிந்தோம். எந்தத் தெருவில் சாவு விழுந்திருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டோம். நேற்று பேசிய ஆள் இன்று இல்லை.

முதலில் ஒரு சத்தம் நின்றது. பால்மில்லு. மண்ணையும் கூழாங்கல்லையும் உள்ளே போட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை. பகல் முழுக்கக் கடகடவென்று ஓடும். அதன் ஓசையில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தூங்கும். ஊரடங்கு தொடங்கிய நாள் காலை எட்டு மணிக்கு எல்லாப் பட்டறையிலும் அது நின்றது. சூளைகள் ஆறின. காயவைத்த ஊறுகாய் ஜாடிகள் வாசலில் அப்படியே கிடந்தன. பிறகு ஆம்புலன்ஸ். ஒரு நாள் காலையில் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பதினாறு தடவை கேட்டேன். பிறகு ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி. "யாரும் வெளியே வராதீர்கள்! வெளியே வராதீர்கள்!" வெளியே இருந்தது நானும் ஆட்டோவும்தான்.

மகளை ஸ்ரீமுஷ்ணத்தில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கார அம்மா நல்லவர். முதல் வாரம் எனக்காக ஒரு விளக்கு ஏற்றினார். இரண்டாம் வாரம் மாடிப்படியில் நின்றபடி, "தப்பா நெனச்சிக்காதீங்க, பின்பக்க வழியா வந்து போறீங்களா" என்றார். போனேன். பின்பக்கக் குழாயில் குளிப்பேன். துணியைக் கொதிநீரில் போடுவேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டு போனை எதிரே நிறுத்தி வைப்பேன். மகள் முகம் தெரியும். முதலில் தினமும், "எப்பம்மா வருவ" என்பாள். ஒரு நாள் கேட்பதை விட்டுவிட்டாள். அன்று சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

என்னோடு நடந்தது ஒரே ஒரு ஆள். ஆரோக்கியமேரி டீச்சர். எங்கள் பகுதி அங்கன்வாடி அவருடையது. ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு. அங்கன்வாடி மூடிக் கிடந்தது. சத்துமாவை வீடு வீடாகக் கொடுக்க என்னோடு வருவார். நான் வாசலில் நின்று நோட்டில் எழுதுவேன். அவர் எழுத மாட்டார். எட்டிப் பார்ப்பார். அடுப்படியில் என்ன வேகிறது, கயிற்றில் யார் துணி காய்கிறது, எல்லாம் பார்ப்பார். எனக்கு அவசர புத்தி. "எழுதிட்டுப் போயிடலாம் டீச்சர்" என்பேன். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பாத்துடுவோம் சிஸ்டர், எழுத்து எங்கயும் ஓடிடாது" என்பார்.

கதவுகள் சாத்தியே இருந்தன. எங்களைக் கண்டால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். நர்சு வந்தால் பரிசோதனை வரும், பரிசோதனை வந்தால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தகரம் அடிப்பார்கள். பயம். யாரைக் குற்றம் சொல்ல? ஆனால் கதவைத் திறக்காதவர்கள் பின்பக்கச் சன்னலைத் திறந்தார்கள். "சிஸ்டர், மாத்திர இருக்குதா?" மெல்லக் கேட்பார்கள். புருஷன் நாள் முழுக்க வீட்டில். கருத்தடை மாத்திரை என் பையில் இல்லை. வர வேண்டிய வண்டி வரவில்லை. ஆபரேஷன்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். "அடுத்த வாரம்" என்பேன். அடுத்த வாரமும் அதையே சொல்வேன். சன்னல் மூடும்.

ரேவதி அப்படி இல்லை. வாசலுக்கு வந்து நிற்பாள். இருபத்து மூன்று வயது. பட்டறையில் விளக்குகளுக்கு விளிம்பு தேய்க்கிற வேலை. வயிற்றில் தலைப்பிள்ளை. கடைசியாகப் பார்த்தபோது அழுத்தம் நூற்று முப்பதுக்குத் தொண்ணூறு. பாதம் லேசாக வீங்கியிருந்தது. வாரா வாரம் பார்க்க வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை. அன்று நான் தனியாகப் போனேன். டீச்சருக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். ரேவதி வாசலில் நின்றாள். கை நிறைய வளையல். காலையில் வளைகாப்பு முடிந்திருந்தது. ஐந்தே பேர். கருவேப்பிலங்குறிச்சியில் இருந்து அவள் அண்ணன் மட்டும் பாஸ் வாங்கி வந்து, சாப்பிட்டுப் போயிருக்கிறார்.

"எப்ப போற?"

"நாளைக்குக் காலையில அண்ணன் ஆட்டோ எடுத்தாந்து கூட்டிட்டுப் போறாங்க சிஸ்டர்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வளையல் போட்டால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கேதான் பிரசவம். அதனால் எங்கள் வேலைக்கும் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணி ஊர் மாறினால் நோட்டில் தேதி போட்டு "தாய்வீடு சென்றார்" என்று எழுத வேண்டும். அந்த ஊர் நர்சுக்குச் சொல்ல வேண்டும். அன்றோடு அவள் நம் கணக்கில் இல்லை. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் எனக்கு மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுக்கிற இடத்தில் வேலை. வர முடியாது. வளையலைப் பார்த்தேன். மதிலில் நோட்டை வைத்து மறுநாள் தேதி போட்டேன். எழுதினேன். தாய்வீடு சென்றார். அவள் எனக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறாள். நான் எழுதுகிறேன். கருவேப்பிலங்குறிச்சி நர்சுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். படித்ததாகக் காட்டியது. கடமை முடிந்தது என்று பையை மாட்டிக்கொண்டேன்.

அவள் போகவில்லை. அன்று மாலையே அவள் அம்மாவுக்குத் தொற்று உறுதியானது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அண்ணன் வர முடியவில்லை. இங்கே அவள் மாமியார் பயந்து போனார். சம்பந்தி வீட்டுப் பிள்ளை தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நர்சுக்குத் தெரிந்தால் குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போவார்கள். ரேவதியைப் பின் அறையில் வைத்தார்கள். உடையாமல் இருக்க வைக்கோல் சுற்றி அடுக்கிய ஜாடிகளுக்கு நடுவில் அவளுக்குப் பாய்.

கருவேப்பிலங்குறிச்சி நர்சு பிறகு என்னிடம் சொன்னார். அவருக்கும் அப்போது காய்ச்சல். "தெருவையே அடச்சிட்டாங்களேக்கா. எப்பிடி வருவாங்க, ஒங்ககிட்டயேதான் இருப்பாங்கன்னு நெனச்சிட்டேன்." நான் அவரிடம் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் என்னிடம் இருக்கிறாள் என்று நினைத்தார். இருபது நாள்.

இருபது நாளில் அந்தத் தெருவில் எத்தனை முறை நடந்தேன் என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொரு முறையும், அவள்தான் போய்விட்டாளே என்று தாண்டினேன்.

இடையில் டீச்சர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. கடலூரில். ஆக்ஸிஜன் படுக்கையில். அவர் மகனுக்குக்கூட முகம் காட்டவில்லை. எனக்குப் போனில் சொன்னார்கள். நான் அப்போது அங்கன்வாடி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கட்டிப்பிடித்து அழ ஒரு ஆள் இல்லை. யாரைத் தொட முடியும் அப்போது? கைப்பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்து மீதி வீடுகளுக்குப் போனேன். அன்றிலிருந்து எட்டிப் பார்க்க ஆள் இல்லை. எழுத மட்டும் நான் இருந்தேன்.

வியாழக்கிழமை. வளைகாப்பு முடிந்து இரண்டு வாரம், வலிப்புக்கு ஐந்து நாள் முன்னால். காலை பதினொன்று பத்து. ரேவதி வீட்டைத் தாண்டுகிறேன். பால்மில்லு ஓடாத தெரு. ஈ பறந்தால் கேட்கும். உள்ளே வளையல் சத்தம். ஒருமுறை. நின்றேன். மறுபடியும், கொஞ்சம் வேகமாக. இரண்டு கையும் சேர்ந்த சத்தம். இந்த வீட்டில் யார் இவ்வளவு வளையல் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. டீச்சர் இருந்தால் அந்நேரம் சன்னலில் ஏறியிருப்பார். நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்து. தாய்வீடு சென்றார். என் காதை நம்பவில்லை. என் கையெழுத்தை நம்பினேன். போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பது. பட்டறைச் சந்தில் முருகன் ஓடி வருகிறான். காலில் செருப்பு இல்லை.

"சிஸ்டர்! ரேவதி! கண்ணு சொருகிடுச்சு!"

"எந்த ரேவதி?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். அவன் என்னை வெறித்துப் பார்த்தான்.

ஓடினேன். மாமியார் கதவை மறித்து நின்றார். பிறகு தானே விலகி, "மூணு நாளா தலவலி தலவலின்னா நர்சம்மா, தைலம் தேச்சி வுட்டேன், பூச்சி பறக்குதுன்னா, வெயிலுன்னு நெனச்சேன்" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டார். தலைவலி. கண்ணில் பூச்சி பறப்பது. அழுத்தம் தலைக்கு ஏறுகிறது என்பதற்கு எங்கள் பாடத்தில் முதல் இரண்டு அடையாளம். வருகிறேன் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிவிட்டு வந்த கண்டம் அது. அழுத்தம் பார்த்தேன். நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து. பாதம் பொங்கிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

வண்டி. வைக்கோல். தடுப்புக் கட்டை. ஏழு வளையல். இதைச் சொல்லிவிட்டேன்.

பத்து முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். "தள்ளுங்க! தள்ளுங்க!" ஊசி போட்டார்கள். அறுவை அறைக்குக் கொண்டுபோகும் முன் மீதி வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். கை வீங்கியிருந்தது. சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக உருவினேன். ஒரு வளையல்கூட உடையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உருவினேன். என்னவோ அது உடையாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. ஒன்றுகூட உடையவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு திறந்தது. தாய் பிழைத்தாள். பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. பெண். இரண்டு கிலோ நூறு கிராம். தலைமுடி நிறைய. நகம் வளர்ந்திருந்தது. நான் துடைத்தேன். அழுகைச் சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருந்தது. பதினோரு வருடப் பழக்கம்.

அடக்கத்துக்கு யாரும் வரவில்லை. வரவும் விடவில்லை. முருகன் வண்டியில் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்தான். விளக்கு அடுக்குகிற பெட்டி. புதுத்துண்டு ஒன்று விரித்தேன். மணிமுத்தாற்றங்கரை. மதியம் மூன்று மணி. அவன் தோண்டினான். பெட்டி என் மடியில் இருந்தது. கனமே இல்லை. "போதுமா சிஸ்டர்?" என்று குழியைக் காட்டிக் கேட்டான். இன்னும் ஒரு முழம் என்றேன். அவன் மறுபடி குனிந்து தோண்டினான்.

நான்காம் நாள் ரேவதிக்கு நினைவு தெளிந்தது. வளையல்களைக் கொண்டுபோனேன். பார்த்தாள். வாங்கவில்லை.

"நீங்க நம்ம தெருவுல போறது எனக்குத் தெரியும் சிஸ்டர். ஒங்க செருப்புச் சத்தம் தெரியும். கூப்புடக் கூடாதுன்னு அத்த வயித்துமேல சத்தியம் வாங்கியிருந்தாங்க." மூச்சு வாங்கினாள். "அதான் கூப்புடல. கைய ஆட்டுனேன். ரெண்டு வாட்டி ஆட்டுனேன். நீங்க நின்னீங்களே."

நின்றேன். ஆமாம், நின்றேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மாதக் கடைசியில் போனில் கூட்டம். ஒவ்வொரு நர்சிடமும் கேட்டார்கள். உங்கள் பகுதியில் சிசு மரணம், இறந்து பிறந்தது ஏதாவது உண்டா? கருவேப்பிலங்குறிச்சி நர்சு, எங்கள் பக்கம் இல்லை என்றார். ரேவதி அங்கே போகாததால் அது உண்மை. என் முறை வந்தது. நோட்டு மடியில் திறந்திருந்தது. அந்த வரியைப் பார்த்தேன். அதை அடித்துவிட்டு, "இங்கேதான் இருந்தாள், நான் பார்க்கவில்லை" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேனா? இல்லை. மகளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும், வாடகை, இப்படி எதையும் நினைக்கவில்லை. கேட்கிறவர்கள் முன்னால் டீச்சர் இல்லாமல் தனியாக நிற்க எனக்குத் திராணி இல்லை. அவ்வளவுதான்.

"இல்ல சார்" என்றேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி ஏட்டில், இறந்து பிறந்தது என்று ஒரு வரி இருக்கும். ஏன் இறந்தது என்று கேட்டு வருகிறவர் என் வரியைப் படித்துத் திரும்பிப் போயிருப்பார். யாரும் வரவும் இல்லை.

பால்மில்லு மறுபடி ஓடுகிறது. ரேவதிக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். அந்தக் கர்ப்பத்தில் வாரம் இரண்டு தடவை போனேன். வளையல் போட்ட பிறகும் போனேன், கருவேப்பிலங்குறிச்சிக்கே பஸ் ஏறிப் போனேன். அவள் கையை நீட்டுவாள், நான் அழுத்தம் பார்ப்பேன். சிரித்துப் பேசுவாள். பின் அறையைப் பற்றி இருவரும் பேசியதில்லை. என் ஏரியாவில் இப்போதும் எனக்கு டீ கொடுக்கிறார்கள். உள்ளே வந்து உட்காரச் சொல்கிறார்கள். உட்காருகிறேன். ஆனால் யாரோடும் முன்போல் ஒட்டவில்லை. எழுதுவதற்கு முன் எட்டிப் பார்க்கிறேன். கயிற்றில் யார் துணி காய்கிறது என்று பார்க்கிறேன். புதிதாக வந்த அங்கன்வாடிப் பெண் சிரிக்கிறாள்.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். எங்கள் பகுதியில் அந்த மே மாதத்தில் இழந்தது இது.

ஆரோக்கியமேரி டீச்சர். அவர் குடையும் நீலப் பையும் அங்கன்வாடி ஆணியில் இன்னும் தொங்குகின்றன. ரேவதியின் அம்மா. மகளைக் கையில் வளையலோடு பார்க்காமலே அந்தத் தொற்றில் போனார். மாத்திரை கேட்டுச் சன்னலைத் திறந்தவர்களில் நான்கு பேருக்கு, வேண்டாம் என்று இருந்த பிள்ளை உண்டானது. அந்த நான்கு பிள்ளைகளையும் இழப்பில் சேர்க்க மாட்டேன், அங்கன்வாடிக்கு ஓடிவரும் பிள்ளைகள் அவர்கள். அந்த அம்மாக்கள் என்னிடம் கேட்டுக் கிடைக்காமல் போனதைச் சேர்க்கிறேன். என் மகளோடு நான் இருந்திருக்க வேண்டிய ஒரு வருடம். திரும்பி வந்தபோது என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். வளையல் ஏழு. மீதி முப்பத்தொன்று என் அலமாரியில் இருக்கிறது.

அப்புறம் ஒரு பெண் குழந்தை. ரேவதிக்கும் முருகனுக்கும் பிறந்தது. இரண்டு கிலோ நூறு. பெயர் வைக்கவில்லை. மணிமுத்தாற்றங்கரை. என் ஏரியா.